தனியில் எழுந்து போனவர்

மராத்தி ஊரான கிர்க்கியில் கிளாரண்டன் தியேட்டர் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் தலையைச் சொறிவார். பக்தவத்சலம் கேண்டீன் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து இறக்கிவிடுவார். இரண்டும் ஒரே இடம்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாடகம் போட்டுப் பார்ப்பதற்காகக் கட்டிய கல் கட்டடம். முந்நூற்று நாற்பது நாற்காலி, இரும்புத் தூண் தாங்கும் பால்கனி, மழை பெய்தால் மேடைப் பேச்சு கேட்காத தகரக் கூரை. இந்திப் படம் ஓடியது, கல்யாணம் நடந்தது. இப்போது ஜனவரியில் எங்கள் தமிழ்ச் சபாவின் நாலு கச்சேரி, பிப்ரவரியில் மூன்று நாள் ஜாஸ் திருவிழா, மற்ற நாளில் மராத்தி நாடகமும் பள்ளிக்கூட ஆண்டு விழாவும்.

நான் அகல்யா. கேந்திரிய வித்யாலயாவில் முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல், சபாவுக்கும் ஜாஸுக்கும் கதவில் நிற்கிறேன். டிக்கெட்டைக் கிழிப்பேன், இடம் காட்டுவேன். பாட்டு நடக்கும்போது கதவைத் திறக்க மாட்டேன். யார் வந்தாலும் சரி, கைதட்டல் கேட்கும்வரை வெளியே நிற்க வேண்டும். இதனால் எனக்கு இந்த ஊரில் நண்பர்கள் கொஞ்சம் குறைவு.

ஜாஸ் கச்சேரியில் அந்தக் கதவை நான் ஒரே ஒரு முறை நடுப்பாட்டில் திறந்தேன். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பக்தவத்சலம் திருநின்றவூர்க்காரர். அங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமாளின் பெயரையே வைத்துவிட்டார்கள். இருபத்தொரு வயதில் மாமா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்து, பக்கத்துப் போசரியில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் தேய்த்தார். தேய்த்த கை கரண்டி பிடித்தது. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பேருக்கு சாம்பார் வைத்த மனிதர், பிறகு கல்யாணமாகி, தொண்ணூற்று இரண்டில் கிளாரண்டன் கேண்டீனை எடுத்தார். மனைவி கோதை திருவள்ளூரிலிருந்து வந்தபோது ஒரு வார்த்தை இந்தி தெரியாது. ஒரே வருஷத்தில் காய்கறிக்காரியோடு மராத்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். இவரோ இன்றைக்கும் மூன்று மொழியையும் ஒரே தட்டில் பரிமாறுகிறவர்.

கேண்டீன் என்பது அரங்கத்தின் பக்கச் சுவரை ஒட்டிய கொட்டகை. சுவரின் அந்தப் பக்கம் பாட்டு, இந்தப் பக்கம் பால். முப்பது வருஷமாகப் பாட்டு முழுவதையும் சுவர் வழியாகவே கேட்டவர் அவர். உள்ளே வந்து உட்காருங்களேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன்.

"பரிமாறுறவன் பந்தியில உக்காந்தா நல்லாவா இருக்கும்மா?" என்பார். வந்ததில்லை.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்று உண்டு. சபாக் கச்சேரிகளுக்கு இடைவேளை கிடையாது. பாடகர் பெரிய உருப்படியைப் பாடி முடித்து மிருதங்கத்துக்கு விட்டுக்கொடுப்பாரே, அந்தத் தனி ஆவர்த்தனம்தான் எங்கள் ஆட்களுக்கு இடைவேளை. மிருதங்கக்காரர் முதல் சொல்லை வாசித்ததும் பாதி அரங்கம் எழுந்துவிடும்; அப்போது மட்டும் நானும் கதவைத் திறந்துவிடுவேன். எந்த சாஸ்திரத்திலும் எழுதியில்லை. நம் முழங்காலுக்கு மட்டும் எப்படியோ தெரியும். மேதை வாசித்தாலும் சரி, அரங்கேற்றப் பையன் வாசித்தாலும் சரி, காபிக்குப் போயே ஆக வேண்டும். பக்தவத்சலம் சுவருக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டி வைத்திருப்பார். பாட்டு நின்று மேளம் மட்டும் கேட்கிற அந்த நொடியில் பால் அடுப்பு எரியும், டிகாஷன் இறங்கும். மூன்றாவது நிமிஷம் எண்பது டம்ளர் தயார். யாரும் காத்திருந்ததில்லை.

ஜாஸ் திருவிழா வந்த முதல் வருஷம் இதுவே அவரை ஏமாற்றியது. விழாவை நடத்துகிற பல் டாக்டர் மாதவ், நல்ல மராத்தி மனிதர், பாட்டு எப்போது முடியும் என்று மட்டும் சொல்லியிருந்தார். பக்தவத்சலம் அதை நம்புவாரா? டிரம்ஸ் தனியாகக் கேட்டதும் நூற்றைம்பது மெதுவடையைப் பொரித்துக் குவித்துவிட்டார். ஒரு ஈ காக்கை வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டிரம்ஸ்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்னாம்மா ஜனங்க இவங்க? பசியே எடுக்காதா?" என்று என்னிடம் வந்து கோபித்துக்கொண்டார். கோவாவிலிருந்து வந்த டிராம்போன்காரர் மட்டும் கடைசியில் பதினொரு வடை தின்று அவர் மானத்தைக் காப்பாற்றினார்.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, ஸ்ரீவத்சன். சபாவின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மிருதங்கம் கற்றான். இன்ஜினியரிங் காலேஜில் டிரம்ஸுக்கு மாறினான். இப்போது பக்கத்திலேயே ஹிஞ்சவாடியில் வேலை, வாகட்டில் பிளாட். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமலிருக்க ஒரு அறை முழுக்கக் கம்பளம் தொங்கவிட்டு வாசிக்கிறான். முதல் டிரம்ஸ் செட் வீட்டுக்கு வந்த அன்று பக்தவத்சலம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒத்தப் புள்ளைக்கு இத்தன மேளமா? இத கேக்க யாருடா வருவாங்க?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் நாம் விளையாட்டாகச் சொன்னதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன்.

போன வருஷம் ஸ்ரீவத்சனின் குழுவுக்கு ஞாயிறு காலைக் கச்சேரி கிடைத்தது. பியானோ, சாக்ஸபோன், பேஸ் கிட்டார், இவன் டிரம்ஸ். மாதவ் நேரே கேண்டீனுக்குப் போய், இன்றைக்கு நீங்கள் விருந்தாளி, அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று இந்தியில் உத்தரவு போட்டார். எஸ்தர் என்று கோதைக்கு உதவிக்கு வரும் அம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. முப்பது வருஷத்தில் முதல்முறையாக பக்தவத்சலம் அரங்கத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலாவது வரிசை, நடுப்பாதை ஓரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் கோதை பட்டுப்புடவையில். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது பாட்டில் சாக்ஸபோன் நின்றது. பியானோ நின்றது. பேஸ்காரரும் கையை எடுத்தார். டிரம்ஸ் மட்டும் தனியாக ஆரம்பித்தது.

பக்தவத்சலம் எழுந்தார். நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்து கதவுக்கு வந்தார்.

நான் கதவைத் திறந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. எனக்கும் அந்தப் பழக்கம்தானே? மேளம் தனியாகக் கேட்டது, கேண்டீன்காரர் போகிறார், அவ்வளவுதான் என் மூளைக்கு எட்டியது. அவர் போன பிறகு மேடையைப் பார்த்தேன். ஸ்ரீவத்சனின் கண் இந்தக் கதவில் இருந்தது. கை நிற்கவில்லை, வாசித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் சீக்கிரமே மற்றவர்களுக்குத் தலையசைத்துப் பாட்டை முடித்துக்கொண்டான்.

கேண்டீனில் இவர் எஸ்தரை நகர்த்திவிட்டுப் பாலை வைத்து, நாற்பது டம்ளரை வரிசையாக அடுக்கிய பிறகுதான் தன் சட்டையைப் பார்த்தாராம். இஸ்திரி போட்ட சட்டை. எதற்குப் போட்டோம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, இவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார் என்று எஸ்தர் பிறகு சொன்னாள்.

கச்சேரி முடிந்து ஸ்ரீவத்சன் கேண்டீனுக்கு வந்தான். "காபி நல்லா இருக்குப்பா" என்றான். குடித்த டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அதன் பிறகு ஒரு வருஷம். வாரா வாரம் வந்துகொண்டிருந்தவன் மாதத்துக்கு ஒருமுறை வந்தான். வந்தால் அம்மாவோடு பேசுவான், அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான். டிரம்ஸ் பற்றி வாயைத் திறக்க மாட்டான். நடந்ததைப் பையனிடம் எடுத்துச் சொல்லித் தொலையுங்களேன் என்று பக்தவத்சலத்திடம் நான் கத்தியே விட்டேன்.

"என்னான்னும்மா சொல்றது?" என்றார். "மேளம் தனியா வாசிச்சா அது காபி நேரம்னு நெனச்சிக்கினு எழுந்துட்டேன்னு சொல்லவா? அது இன்னும் கேவலமா இல்ல இருக்குது?"

உண்மைதான். சில தப்புகளுக்குக் காரணம் சொன்னால் தப்பு பெரிதாகிவிடும்.

இந்த வருஷமும் அந்தக் குழுவை ஞாயிறு காலைக்கு அழைத்திருப்பதாக டிசம்பரில் மாதவ் சொன்னார். பக்தவத்சலம் மறுநாளே என்னிடம் வந்தார். "இந்தத் தடவ எழுந்துக்க மாட்டேன். ஆனா என் கால நம்ப முடியாதும்மா. ஒத்திகை பாக்கணும்."

ஒத்திகைக்கு அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் சபாவின் ஜனவரிக் கச்சேரி. யாரிடமும் சொல்லவில்லை, கோதையிடம்கூட. கச்சேரி பாதியில், ஒரு பாட்டு முடிந்ததும் உள்ளே வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார். தனி ஆரம்பித்தது. வழக்கம்போல் பாதி அரங்கம் எழுந்து வெளியே போனது. போனவர்களுக்கு அங்கே அணைந்த அடுப்பு. தெற்கே சூரியன் உதித்திருந்தால்கூட எங்கள் ஆட்கள் அப்படிப் பதறியிருக்க மாட்டார்கள். சபா செயலாளர் உள்ளே ஓடிவந்து இவர் தோளைத் தட்டினார்.

"யோவ், என்னய்யா இங்க உக்காந்திருக்க? வெளில கூட்டம் கத்துது."

"கேட்டுக்கினு இருக்கேன் சார்" என்றார் பக்தவத்சலம். இரண்டு கையாலும் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. மேடையில் மிருதங்கக்காரர், வயதானவர், காலியான வரிசைகளுக்கு நடுவே இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் இவரைப் பார்த்தே வாசித்தார். பதினாலு நிமிஷம். முடித்ததும் இவருக்கு ஒரு கும்பிடு போட்டார். சபா செயலாளர் அடுத்த இரண்டு வாரம் இவரோடு பேசவில்லை. இவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"நல்லாத்தாம்மா இருக்குது. இத்தன வருஷம் இது என்னான்னே தெரியாம பால காச்சிக்கினு இருந்தேன் பாரு" என்றார்.

பிப்ரவரி வந்தது. ஞாயிறு காலை பத்தரைக்கு மாதவ் கதவருகே வந்து, சாதாரணமாக ஒரு செய்தி சொல்வதுபோல் சொன்னார். ஸ்ரீவத்சன் இந்த முறை டிரம்ஸ் தனியாக வேண்டாம் என்று குழுவிடம் சொல்லிவிட்டானாம். காரணம் கேட்டதற்குச் சிரித்தானாம். மாதவுக்கு அது பாட்டு வரிசையில் ஒரு சின்ன மாற்றம். நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

பக்தவத்சலம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். அதே நாலாவது வரிசை. இந்த முறை கோதை கேண்டீனில் எஸ்தரோடு நின்றுகொண்டாள். அடுப்பைப் பற்றி அவருக்கு ஒரு எண்ணமும் வரக்கூடாதென்று அவளே எடுத்த முடிவு. போய்ச் சொல்லலாம் என்று இரண்டடி நடந்தேன். அவர் என்னைப் பார்த்து, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி தலையை ஆட்டினார். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

கச்சேரி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கச்சேரியைப் பார்க்கவில்லை, அவருடைய பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டிலும் பியானோ சற்று ஓய்ந்தால் போதும், கை நாற்காலிப் பிடிக்குப் போய்விடும், முதுகு நிமிர்ந்துவிடும். உடனே சாக்ஸபோன் வந்து சேர்ந்துகொள்ளும். கை தளரும். அடுத்த பாட்டு. மறுபடியும் பிடி. பேஸ்காரர்கூட இரண்டு முறை தனியாக வாசித்தார். டிரம்ஸுக்கு மட்டும் முறை வரவேயில்லை. ஸ்ரீவத்சன் தலையைத் தூக்காமல் மற்றவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். நாலாவது வரிசைப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்கு எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விளக்கு போட்டார்கள். கூட்டம் மொத்தமும் பேசிக்கொண்டே கேண்டீன் பக்கம் நகர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் முந்நூற்று நாற்பது நாற்காலியில் ஒன்றில் மட்டும் ஆள். மேடையில் மற்ற மூவரும் போய்விட்டார்கள். ஸ்ரீவத்சன் சிம்பலைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "டிரம்ஸ் தனியா வேண்டாம்னு அவனே சொல்லிட்டானாம். காலையிலேயே தெரியும். உங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

அவர் மேடையைப் பார்த்தார். பிறகு, "என்னாலதானே?" என்றார். நான் ஆமாம் என்றேன். இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அப்போதுதான் ஸ்ரீவத்சன் எங்களைப் பார்த்தான். "அப்பா, நீங்க போகலையா? வெளிய லைன் பெருசா இருக்கும்."

"உங்கம்மா பாத்துக்குவா. ஸ்ரீ, போன வருஷம் நான் எழுந்துக்கினு போனது…"

"விடுங்கப்பா. இட்ஸ் ஓகே."

"ஓகே இல்லடா. உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல." எழுந்து நின்றவர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். "மேளம் தனியா கேட்டுதுன்னா நான் பால வைக்கணும். முப்பது வருஷமா கால் அப்படியே பழகிப் போச்சு. அதான் எழுந்து போயிட்டேன். வாசிக்கிறது யாருன்றதே மறந்துட்டேன்டா. சொந்தப் புள்ள வாசிக்கிறான்றத ஒருத்தன் மறப்பானா? அத எந்த வாயால உங்கிட்ட சொல்றதுன்னு தெரியாம ஒரு வருஷம் ஓட்டிட்டேன்."

ஸ்ரீவத்சன் கையில் சிம்பலோடு நின்றான். அவனுக்குத் தமிழ் எப்போதும் தட்டுத்தடுமாறித்தான் வரும். அன்றைக்கு இந்தியும் கூடவே வந்தது.

"நான் என்ன நினைச்சேன்னா… உங்களுக்கு ஷரம்… வெக்கம் ஆயிடுச்சுன்னு. எல்லார் முன்னாடியும். யார் கேப்பாங்கன்னு நீங்க முன்னாடியே சொன்னீங்கல்ல. அதனால, மத்லப், உங்களுக்குப் பிடிக்கலன்னு."

"புடிக்குதா புடிக்கலயான்னு கேட்டாதானே தெரியும்? நான்தான் இன்னும் கேக்கவே இல்லயே."

ஸ்ரீவத்சன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, கழற்றிய சிம்பலை மறுபடி ஸ்டாண்டில் மாட்டித் திருக ஆரம்பித்தான்.

நான் பின்னால் நடந்து போய்க் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டேன்.

முதலில் மெதுவாகத்தான் வாசித்தான், இரண்டு விரலால் தட்டுகிற மாதிரி. எனக்கு ஜாஸ் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அவன் சபா வகுப்பில் கற்ற மிருதங்கச் சொற்கட்டுகள் நடுநடுவே எட்டிப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. அப்புறம் கை வேகமெடுத்தது. வெளியே பேச்சு சட்டென்று அடங்கியது. கதவை யாரோ தள்ளினார்கள்; கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் கையில் காபி டம்ளரோடு மாதவ், அவர் பின்னால் பத்து இருபது பேர், எல்லாருக்கும் முன்னால் ஈரக் கையோடு கோதை. கோதையை மட்டும் உள்ளே விட்டேன். அவள் நடக்கவில்லை. கதவருகிலேயே, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

பக்தவத்சலம் அசையவில்லை. கை மடியில் இருந்தது. நாற்காலிப் பிடியை அவர் தொடவே இல்லை.

ஸ்ரீவத்சன் வெகுநேரம் வாசித்தான். பிறகு குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். மூச்சு வாங்கியது. வெளியே கூட்டம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கேண்டீனில் எஸ்தர் ஒற்றை ஆளாகத் திண்டாடிக்கொண்டிருப்பாள் என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும்.

"போதுமாப்பா?" என்றான்.

"எனக்கு வேற வேல எதுவும் இல்ல" என்றார் பக்தவத்சலம். "நீ வாசி."